எலுமிச்சம்பழம் ஏறிய ஹெலிகாப்டர்

என் மாமா விமானப் படையில் கோப்ரல். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் பொய் சொல்ல மாட்டார், ஆனால் உண்மைக்குக் கொஞ்சம் காற்றடித்துத்தான் வெளியே விடுவார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒருநாள் போன் செய்து, அடுத்த மாதம் தங்கள் தளத்தில் விமானக் கண்காட்சி நடக்கப் போவதாகவும், நாங்கள் கட்டாயம் வந்து தன் ஹெலிகாப்டரைப் பார்க்க வேண்டும் என்றும் அம்மாவிடம் சொன்னார். தன் ஹெலிகாப்டர் என்றுதான் சொன்னார். அன்று மாலைக்குள் பினாங்கில் எங்கள் அடுக்குமாடியின் பதினோரு மாடிக்கும் செய்தி போய்விட்டது.

அது அவருடையது இல்லை. எங்கள் நாட்டினுடையதுகூட இல்லை. கண்காட்சிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த தாக்குதல் ஹெலிகாப்டர் அது. அந்த நாட்டுப் படைவீரர்கள்தான் அதை ஓட்டினார்கள், அவர்களே பழுது பார்த்தார்கள். மாமாவுக்குக் கொடுத்த வேலை, பொதுமக்கள் ஏறிப் பார்க்கும் ஏணிக்குப் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்கு செய்வது. ஏறுபவர்களின் பையில் இருப்பதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை அவர் போனில் விரித்துச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. தம்பிக்கு ஒரு வண்டி வந்திருக்கிறது என்பது மட்டும் அவள் மனதில் பதிந்துவிட்டது. வண்டி என்று வந்தால் அம்மாவுக்கு அடுத்த யோசனை எலுமிச்சம்பழம்தான்.

எங்கள் குடும்பத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஓடிய வண்டி கிடையாது. அப்பாவின் மோட்டார் சைக்கிள், இரண்டாம் கையாக வாங்கிய கார், என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் நடந்தது. அப்பா ஓட்டுகிற ஃபேக்டரி பஸ் கம்பெனியுடையது. அதற்கும் அம்மா ஒரு விடியற்காலையில் போய்ச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டு வந்தாள். தப்பித்தது ஒன்றே ஒன்று. மாமா இருபது வயதில் வாங்கிய மோட்டார் சைக்கிள். அவர் கடையிலிருந்து நேராக நண்பர்களிடம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் நாள் ஜெலுத்தோங் பக்கத்தில் சறுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. மழை பெய்திருந்தது, சாலையில் எண்ணெய் கொட்டியிருந்தது, மாமாவும் வேகமாகத்தான் போயிருக்கிறார். அம்மா இந்தக் காரணங்கள் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அம்மா வேலை செய்தது பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு, காற்று ஊதும் ஒரு சிறிய அறையைக் கடந்துதான் உள்ளே போக முடியும். முகத்தில் பவுடர் இருக்கக் கூடாது. காலையில் பூசிய விபூதியை வாசலிலேயே ஈரத்தாளால் துடைத்துவிட வேண்டும். ஒரு தலைமுடி விழுந்தாலும் அந்தத் தட்டில் இருக்கும் மின்னணுச் சில்லுகள் அத்தனையும் குப்பைக்குப் போகும். எந்த இடத்தில் எது இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் அம்மாவைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்த அறிவை அவள் வெள்ளை உடையோடு சேர்த்துக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வருவாள் போலிருக்கிறது.

கண்காட்சிக்கு முதல் நாள் அவள் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பழத்தைப் பாதத்தில் வைத்து வாங்கி வந்தாள். அப்பா பார்த்துவிட்டு, மேலே போகிற வண்டிக்குக் கீழே பழம் வைத்தால் அது எப்படி நசுங்கும் என்று கேட்டார்.

"டயர் இருக்குல்ல?" என்றாள் அம்மா.

டயர் இருந்தது. மறுநாள் அப்பாவுக்கு வேலை. நானும் அம்மாவும் மட்டும் ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து கண்காட்சிக்கென்று விட்ட பஸ்ஸைப் பிடித்தோம். ஃபெரியிலேயே அம்மா பழத்தில் குங்குமம் தடவி என் கவுன் பையில் போட்டாள். நுழைவாயிலில் பெரியவர்களின் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், சின்னப் பிள்ளையின் கவுனை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. நான் செய்ய வேண்டியது, முன் டயருக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு, மாமாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு வந்துவிடுவது. அவ்வளவு பெரிய வேலையை யாரும் அதுவரை என்னை நம்பித் தந்ததில்லை. வழியெல்லாம் பையை மேலிருந்தே தடவிப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஹெலிகாப்டரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பெரிதாக, உருண்டையாக எதிர்பார்த்திருந்தேன். இது பக்கவாட்டில் அமுக்கிவிட்டதுபோல் ஒல்லியாக இருந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டே இருக்கைகள். மூக்குக்குக் கீழே நீண்ட துப்பாக்கி ஒன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் குட்டையான இறக்கைகளில் குண்டுக் குழாய்கள். ஜன்னல் கண்ணாடிகள் தட்டையாக, முகத்தைச் சுளித்ததுபோல் இருந்தன. பக்கத்திலிருந்த பலகையில் அது எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் எதை அழிக்கும் என்றெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே படம் எடுத்தது.

டயரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். டயருக்கு முன்னாலும் பின்னாலும் மஞ்சள் கட்டைகள் வேறு. கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்தாலே வெளிநாட்டுக்காரர் ஒருவர் கையை ஆட்டினார். அம்மா தூரத்தில் குடையோடு நின்று என்னையே பார்த்தாள். நான் ஏணி வரிசையில் போய் நின்றேன்.

மாமா அன்று பார்க்க அழகாக இருந்தார். நீலச் சீருடை மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற சீனப் பையன் பையிலிருந்து இரண்டு மிட்டாய், ஒரு கோலிக்குண்டு, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் வைத்தான். அவனுடைய அப்பா மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். என் முறை வந்தது. மாமா தட்டை நீட்டவே இல்லை. பக்கத்தில் நின்ற வீரரிடம், இது என் அக்கா பிள்ளை என்று மலாயில் சொல்லிவிட்டு, என் இடுப்பைப் பிடித்து ஏணியில் ஏற்றிவிட்டார். சொந்தக்காரப் பிள்ளையிடம் சோதனை போடுவது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

உள்ளே வெயிலில் வெந்தது. எங்கு பார்த்தாலும் பொத்தான்கள். காலடியில் இரண்டு மிதிகள். அங்கே உட்கார்ந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. டயருக்கு அடியில் வைக்கிற பழம் ஒரே ஒரு தடவை நசுங்கிவிட்டுப் போய்விடும். உள்ளே வைத்தால் எப்போதும் கூடவே இருக்குமே. நான் பழத்தை எடுத்து இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே செருகினேன். அது அங்கே நிற்கவில்லை. நழுவி, எங்கோ இரண்டு தடவை தட்டி, முன்னால் உருண்டு மறைந்துவிட்டது. இன்னும் நல்லது, யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு மாமாவுக்காகக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு என்னை ஒருவர் படம் எடுத்தார். இறங்கி வந்ததும் அம்மா தூரத்திலிருந்து புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

ஒரு மணி வாக்கில் ஏணியை எடுத்துவிட்டார்கள். மாமா எங்களோடு சாப்பிட வந்தார். கூடாரத்தின் நிழலில் தாள் விரித்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். அந்த வருடம்தான் அவரை மேலும் சேவையில் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளின் பக்கத்தில் நிற்க மேலதிகாரிகள் தன்னைத் தேர்ந்தெடுத்ததே நல்ல அறிகுறி என்றார். அம்மா தன் முட்டையைப் பாதி பிய்த்து அவர் இலையில் வைத்தாள். தாத்தாவும் பாட்டியும் போன பிறகு அவரைப் படிக்க வைத்து இந்தச் சீருடை வரைக்கும் கொண்டுவந்தவள் அவள்தான். அந்தச் சேவை நீட்டிப்புக்காக அவள் எத்தனை வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டுக்கொண்டே மாமா, இரண்டு மணிக்கு ஹெலிகாப்டர் பறந்து காட்டப் போகிறது என்றார். அதற்கு முன் அவர்கள் ஒவ்வொரு கருவியாக எண்ணுவார்கள், ஒரு ஸ்பானர் குறைந்தால்கூடக் கிளம்ப மாட்டார்கள். எங்கேயோ ஒரு நாட்டில் விமானி மிதிக்கும் இடத்தில் யாரோ விட்ட பேனா மூடி சிக்கிக்கொண்டு, ஹெலிகாப்டர் திரும்ப முடியாமல் விழுந்துவிட்டதாம். அதற்காகத்தான் அந்தத் தட்டு, அதற்காகத்தான் அவர் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பேனா மூடி எவ்வளவு சின்னது என்று யோசித்தேன். பிறகு, எலுமிச்சம்பழம் விழுந்தால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்டேன்.

மாமா முதலில் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அம்மாவைப் பார்த்தார். தன் அக்காவை அவருக்குத் தெரியும்.

"அக்கா, என்னா செஞ்சீங்க?"

டயருக்குக் கீழேதான் வைக்கச் சொன்னேன் என்றாள் அம்மா. நான் உள்ளே வைத்ததையும், அது உருண்டு போனதையும் சொன்னேன். பெருமையாக நினைத்திருந்த காரியம் சொல்லச் சொல்லக் குற்றமாக மாறிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தலைமுடிக்காகத் தட்டுத் தட்டாகக் குப்பையில் கொட்டுவதைப் பதினைந்து வருடமாகப் பார்த்தவள் அவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது ஹெலிகாப்டரில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவை மூடியிருந்தார்கள். மெல்லிய ஊளைபோல் ஒரு சத்தம் கிளம்பியது.

மாமா வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பழம் எங்கேயாவது ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், ஒன்றும் ஆகாமலும் போகும். பத்து நிமிடம் பறந்து இறங்கினால் அவர் வேலை அவருக்கு. அவர் எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. கயிற்றைத் தாண்டி, தலைக்கு மேலே இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல் வைத்துக்கொண்டு ஓடினார். தொப்பி கழன்று விழுந்தது, அதை எடுக்கவில்லை. மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருந்த விசிறி இறக்கைகள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றன.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினார்கள். தரைத் தகடுகளைக் கழற்றி, டார்ச் அடித்து, கண்ணாடி கட்டிய குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் தொழில்நுட்பக் காரணங்களால் இன்றைய பறப்பு இல்லை என்று மூன்று மொழிகளில் சொன்னார்கள். காலையிலிருந்து வெயிலில் காத்திருந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு பாய்களைச் சுருட்டியது. பழம் இடது மிதிக்குப் பின்னால் இருந்ததாம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கையுறை போட்டு அதை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கையை எட்ட நீட்டிப் பிடித்தபடி கொண்டு போனார். சிவப்பாக ஏதோ பூசிய உருண்டை அவருக்கு என்னவாகத் தெரிந்ததோ.

எங்கள் மூவரையும் ஒரு கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீல முக்காடு, நீலச் சீருடை. பக்கத்தில் வெளிநாட்டு அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசைமேல் பை, பைக்குள் பழம். மாமா விறைப்பாக நின்று, பையைச் சோதிக்காமல் ஏற்றியது தன் தவறு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். யார் கொடுத்தது என்பதை அவர் சொல்லவில்லை, அதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

அந்த அதிகாரி இப்போது கேட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, இதைப் பெரியவர்கள் யாராவது கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்களா என்று மலாயில் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். டயருக்குக் கீழேதான் வைக்கச் சொன்னேன் என்று அவள் சொல்லப் போகிறாள், திட்டு எல்லாம் எனக்குத்தான் விழப் போகிறது என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவே இருந்தேன்.

"யாரும் கொடுக்கல, புவான்," என்றாள் அம்மா மலாயில், மரியாதையாக. "சாமித் தட்டுல இருந்தத இவளே எடுத்து வந்துட்டா. எங்களுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வீட்டில் அம்மாவிடம் நான் அடி வாங்காதவள் இல்லை. ஆனால் அந்நியர் முன்னால் அவள் என்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. கூடாரத்துக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி என்னிடம் குனிந்து, நீயாகத்தான் கொண்டு வந்தாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்காமல் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்தேன். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி இல்லாமல் அவர் தலை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அழுதேன். அதிகாரி எழுதிக்கொண்டார். வெளிநாட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, தனக்கும் இந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்பதுபோல் இடுப்பளவுக்குக் கையை வைத்துக் காட்டினார். எனக்கு ஒரு காகிதக் கொடி கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஃபெரியில் அம்மா செண்டோல் ஐஸ் வாங்கி நீட்டினாள். நான் வாங்கவில்லை. கொடியைக் கடலில் போட்டேன். அவளுக்குத் தன் தலை தப்பினால் போதும், அதற்காகப் பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்ன ஆள் வேண்டியிருந்ததால் நானே பேச வேண்டியதாகிவிட்டது.

மாமாவுக்கு இரண்டு மாதம் வார இறுதிகளில் கூடுதல் காவல் வேலை போட்டார்கள். சேவை நீட்டிப்பு கிடைத்தது. இன்று அவர் சார்ஜன். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடும்போது, ஹெலிகாப்டருக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிள்ளை என்று என்னை இன்றுவரை கேலி செய்கிறார்கள். அந்தக் கதையை வருடா வருடம் எடுத்துவிடுவதே அம்மாதான். சாமித் தட்டிலிருந்து நான் திருடிய கட்டத்தை அவள் நடித்தே காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். மாமா மட்டும் அந்தக் கட்டத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். பல வருடம் அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும்.

பெரியவளான பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அக்கா வேண்டுமென்றே கொடுத்து, தம்பி சோதிக்காமல் ஏற்றிவிட்டார் என்று எழுதியிருந்தால், அது அந்நிய நாட்டுப் போர் இயந்திரத்துக்குள் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஒரு பொருளை வைத்த கதை. போலீஸ், விசாரணை என்று போயிருக்கும். மாமாவின் சீருடை அன்றைக்கே கழன்றிருக்கும். எங்கள் மூவரில் யாராலும் தண்டிக்க முடியாத ஆள் நான் ஒருத்திதான். பேனா திறந்திருந்த அந்த ஒரு நிமிடத்துக்குள் அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் அவளை வெறுப்பேன் என்பதையும் சேர்த்துத்தான் யோசித்திருப்பாள்.

அந்த அதிகாரியைப் பற்றியும் இப்போது நினைத்துக்கொள்கிறேன். பினாங்கில் வேலை பார்த்தவருக்குக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் எதற்கு என்று தெரியாமல் இருக்காது. ஒன்பது வயதுப் பிள்ளை தானாக எடுத்து வந்ததா என்பதும் தெரிந்திருக்கும். அவர் அவ்வளவு நிதானமாகக் கேட்டது, அந்தப் பதில்தான் வர வேண்டும் என்பதற்காகவோ என்னவோ. அந்தக் கூடாரத்தில் எங்கள் நாட்டு ஆட்கள் எல்லாருக்குமே அது பொய் என்று தெரிந்திருந்தது. அது யாருக்காகச் சொன்ன பொய் என்று தெரியாமல் நின்றவள் நான் மட்டும்தான்.